எதிர்க்கடையில் இருந்த குடோன்

கடை நேரத்தில் அத்தை தூங்கி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். கல்லாவுக்குப் பின்னால் கிடக்கும் மர ஸ்டூலில் உட்கார்ந்து, இஸ்திரிப் பெட்டிகள் அடுக்கியிருந்த அலமாரியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கினாள். மாமா எழுப்பவில்லை. ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போன பழைய சாமான் வண்டிக்காரரைப் பார்த்து, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அந்த மனிதரும் என்ன ஏது என்று கேட்காமல் குறைத்துவிட்டுப் போனார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஃபேன், மிக்ஸி, அடுப்பு, இஸ்திரிப் பெட்டி விற்கும் சின்னக் கடை அவளுடையது. கடைக்கு ஒரு பெயர் உண்டு, போர்டிலும் எழுதியிருக்கிறது. ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. ‘கடைசி விலை கடை’ என்றால்தான் தெரியும். அத்தைக்கும் அதுவே பெயராகிவிட்டது. டீக்கடைக்காரர்கூட, “கடைசி விலைக்கு ரெண்டு டீ” என்றுதான் பையனிடம் குரல் கொடுப்பார்.

கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பார்கள். அத்தை சொல்வாள். “சரி, கடைசி விலை சொல்லுங்க” என்பார்கள். “அதான் சொல்லிட்டேனே” என்பாள். அதற்கு மேல் ஒரு காசு இறங்க மாட்டாள். சிலர் முறைத்துக்கொண்டு போவார்கள். நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி திரும்பி வந்து அதே விலைக்கு வாங்குவார்கள். திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அத்தை பேச மாட்டாள்.

இந்தப் பிடிவாதம் எதிர்க்கடையில் பிடித்தது. எதிர்க்கடை பெரிய கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, வரிசையாகக் கவுண்டர்கள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அத்தை அங்கேதான் வேலை பார்த்தாள், இரண்டாம் நம்பர் கவுண்டரில். அங்கே பொருளுக்கு ஒரு விலை கிடையாது. முதலில் பெட்டியில் அச்சடித்த விலையைச் சொல்ல வேண்டும். பிறகு வந்தவரின் செருப்பு, கேட்கும் தோரணை, கூட வந்திருப்பவரின் முகம் எல்லாம் பார்த்து இறங்க வேண்டும். கேட்டால் இறங்கலாம், கேட்காவிட்டால் இறங்கத் தேவையில்லை. ஒருநாள் காலையில், எங்கோ ஓர் ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, சொன்ன விலையைக் கொடுத்து ஒரு ஃபேன் வாங்கிப் போனாள். அரை மணி நேரம் கழித்து வந்த ஒருவர் வாதாடி, எழுந்து போவதுபோல் இரண்டு முறை நடித்து, அதே ஃபேனை ஏகப்பட்டது குறைத்து வாங்கினார். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் ஒரே மாடிக்காரர்கள் என்பது அத்தைக்கு எப்படித் தெரியும்? மறுநாள் இரண்டு பெட்டிகளோடு சேர்ந்தே வந்தார்கள். முதலாளி உள்ளறைக்குப் போய்விட்டார். நின்று வாங்கிக் கட்டிக்கொண்டது அத்தை.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். கூச்சப்படுகிறவர்களிடம் அதிகம் வாங்குவது தனக்கு ஒத்துவரவில்லை என்று எல்லோரிடமும் சொல்வாள். அது நியாயத்துக்காக எடுத்த முடிவா, திட்டு வாங்கிய அவமானத்தில் எடுத்ததா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“ரெண்டும்தான். அவமானம் கொஞ்சம் தூக்கல்னு வச்சுக்கயேன்” என்றாள்.

கடை போட எதிர்ப்பக்கம்தான் வாடகை கட்டுப்படியாகும் இடம் கிடைத்தது. தொடக்கத்தில் அவள் சப்-டீலர். அதாவது, கம்பெனியிடமிருந்து நேராகச் சரக்கு வராது. பெரிய டீலரிடம் வாங்கி விற்க வேண்டும். அந்தப் பெரிய டீலர் வேறு யார், எதிர்க்கடை முதலாளிதான். அவர் தன் லாபத்தை வைத்துக் கொடுப்பார். அதற்கு மேல் தன் லாபத்தை வைத்தால் அத்தையின் விலை அவர் கடை விலையைத் தாண்டிவிடும். அதனால் வைக்கவே முடியாது. ஃபேனில் ஒன்றும் நிற்காமல், அடுப்புத் திரியும் மிக்ஸி ஜாரும் விற்ற காசில் குடும்பம் ஓடியது. பல வருஷம் கழித்து கம்பெனி அவளை நேரடி டீலராக எடுத்துக்கொண்டது. அவள் பெயருக்கே வந்த முதல் பில்லைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று இருவரும் யோசித்தார்களாம். “கீழே பாக்கின்னு போட்டிருந்தான். அதான் மாட்டல” என்பார் மாமா.

அத்தையும் எதிர்க்கடை முதலாளியும் முகம் பார்த்துப் பேசி வெகுகாலமாகிறது. ஆனால் இரண்டு கடைக்கும் நடுவே சரக்கு ஓடாத நாள் இல்லை. வந்த ஆளிடம் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்பது அந்தத் தெருவின் பழக்கம். கேட்ட கலரோ அளவோ கடையில் இல்லையென்றால் அத்தை, “குடோன்ல இருக்கு, உக்காருங்க” என்பாள். மாமா பின்வாசல் வழியாகப் போய், சந்து சுற்றி, எதிர்க்கடையின் பின்வாசலில் நின்று வாங்கி வருவார். அத்தையின் குடோன் எதிர்க்கடைதான். அவர்களும் சும்மா இல்லை. சின்ன இஸ்திரிப் பெட்டி, பழைய மாடல் ஜார் என்று யாராவது கேட்டால், “குடோன்ல இருக்கு” என்று சொல்லிவிட்டு எங்கள் பின்வாசலுக்கு ஆள் அனுப்புவார்கள். இதற்குக் கைமாற்று என்று பெயர். அவரவர் பில் விலைக்கே கொடுத்துக்கொள்வார்கள். கணக்கு தீர்க்கும்போது காசாகத் தருவதா, பொருளாகத் தருவதா என்பது முதலில் சரக்கு கொடுத்தவர் இஷ்டம்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். படித்தது வணிகம். வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த அந்த வெயில் காலத்தில் அத்தை கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அடக்க விலையோடு லாபத்தைச் சேர்த்தால் விற்பனை விலை என்று பரீட்சையில் எழுதித் தேறியிருக்கிறேன். அங்கே முதல் வாரத்திலேயே அது தலைகீழாக நின்றது. ஒரு ஃபேன் பெட்டியில் அச்சடித்த விலை மூவாயிரம். கம்பெனி அத்தைக்குப் போடும் பில் இரண்டாயிரம். அத்தை விற்பதோ ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு. ஒவ்வொரு ஃபேனுக்கும் நாற்பதைக் கையிலிருந்து கொடுத்து அனுப்புகிறாள். நான் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு மாமா சிரித்துவிட்டார்.

விஷயம் இதுதான். சீசனுக்கு முந்நூறு ஃபேன் எடுத்தால், எடுத்த எல்லா ஃபேனுக்கும் சேர்த்து, ஒன்றுக்கு நூற்றிருபது வீதம் கம்பெனி பிறகு திருப்பித் தரும். ஒன்று குறைந்தாலும் கிடையாது. எதிர்க்கடை ஆயிரக்கணக்கில் எடுப்பதால் அவர்களுக்குத் திரும்பி வருவது இன்னும் அதிகம். அந்தத் தைரியத்தில் அவர்கள் விலையை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு இறக்கினார்கள். அத்தையும் இறக்கியே ஆகவேண்டும். முந்நூறைத் தொட்டால் ஃபேனுக்கு எண்பது லாபம். தொடாவிட்டால் வெயில் காலம் முழுக்க வேலை பார்த்து, ஃபேனுக்கு நாற்பது தண்டம் கட்டியதாக முடியும்.

“அப்போ லாபமா நஷ்டமான்னு விக்கும்போது தெரியாதா?” என்று கேட்டேன்.

“சீசன் முடிஞ்சாத்தான் தெரியும். எனக்கும் இது பிடிக்கல. என்ன பண்றது, எல்லாரும் இப்படித்தான் விக்கிறோம்.”

அந்த வருஷம் வெயில் சுட்டெரித்தது. ஃபேன் பறந்தது. அதிலும் எல்லோருக்கும் பிரவுன் கலர்தான் வேண்டும். எங்களுக்கு வந்த பிரவுன் ஒரே வாரத்தில் தீர்ந்துவிட, மாமா பின்சந்து வழியாகச் சுற்றிச் சுற்றி எதிர்க்கடையிலிருந்து வாங்கி வந்தார். சீசன் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அத்தை அந்தக் காசைத் தனியாக பாங்கில் போட்டு வைத்தாள். பிறகு மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது, ஃபேன் கேட்டு ஒரு ஆள் வரவில்லை. ஆனாலும் அத்தை கவலைப்படவில்லை. முந்நூறு எப்போதோ ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தாள்.

சீசன் கணக்கு முடிகிற மாதக் கடைசியில் கம்பெனி ஆள் வந்தார். என் வயதுதான் இருக்கும், எப்போதும் தோளில் ஈரப்பையோடு வருகிற, பாவப்பட்ட பிள்ளை. அத்தை டீயோடு பிஸ்கட்டும் வரவழைத்தாள். அவர் பிஸ்கட்டை எடுக்காமல் போனையே பார்த்தார்.

“அக்கா, டார்கெட்டுக்கு இன்னும் நாப்பது குறையுதே.”

“தம்பி, வேற யார் கணக்கையோ பாக்கறீங்க. முழுசா முந்நூறு என் கையால வித்திருக்கேன்.”

“நீங்க எத்தனை வித்தீங்கன்னு கம்பெனிக்குத் தெரியாதுக்கா. எத்தனை வாங்கினீங்கன்னுதான் தெரியும்.”

ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மாமாவின் கை நின்றது. அவர் தெருவுக்கு எதிரே பார்த்தார்.

“பிரவுன்” என்றார்.

அத்தை மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். விற்ற ஒவ்வொரு பிரவுன் ஃபேனையும் அவள் மனதுக்குள் தன் முந்நூறில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். அவையெல்லாம் எதிர்க்கடை வாங்கியவை. எதிர்க்கடையின் கணக்கில் ஏறியவை. கடன் வாங்கிய சரக்கைத் தன் சரக்காகவே நினைத்துப் பழகிய கடைக்காரிக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும்.

கம்பெனி ஆள் இன்னொன்றும் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. போன சீசனிலும் அத்தை தட்டுத்தடுமாறித்தான் தொட்டாள். இந்தத் தடவையும் விட்டால் நேரடி பில்லை நிறுத்திவிடச் சொல்லி மேலிடத்தில் பேச்சு. சின்ன டீலர்களைப் பக்கத்துப் பெரிய டீலரோடு சேர்த்துவிடுவார்களாம். அத்தைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மறுபடி சப்-டீலர். மறுபடி எதிர்க்கடையிலிருந்து, அவர் வைக்கும் விலைக்கு.

மாதம் முடியுமுன் நாற்பது ஃபேன் எடுத்தால் போதும். பழைய பாக்கி இருப்பதால் கடனாகத் தர மாட்டார்கள், காசு வைக்க வேண்டும். அத்தையிடம் இருந்த காசு, எதிர்க்கடைக்குத் தர எடுத்துவைத்தது மட்டும்தான். அதைக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் என்ன என்று நான் சொல்லிப் பார்த்தேன். கைமாற்றில் அப்படிக் கிடையாது என்று ஒரே வரியில் மறுத்துவிட்டாள். அப்போதுதான் மாமா, கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “காசைக் கம்பெனிக்குக் குடுப்போம். அவருக்கு ஃபேனாக் குடுத்துடலாம். நாப்பது வாங்கினோம், நாப்பது குடுக்கிறோம்.”

வாய்ப்பாடு மாதிரி சரியாகத்தான் இருந்தது. ஆனால் காசா பொருளா என்பது கொடுத்தவர் இஷ்டம். கொட்டுகிற மழையில் எவர் ஃபேன் வாங்கி அடுக்குவார்? அவர் காசுதான் வேண்டும் என்றால் கதை முடிந்தது. அவர் அப்படிச் சொல்ல வேறு காரணமும் இருந்தது. அத்தை சப்-டீலரானால் அவள் விற்கிற ஒவ்வொரு பொருளிலும் அவருக்கு ஒரு பங்கு.

இதைப் பின்வாசலில் கேட்க முடியாது. அத்தை முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். வேலையை விட்ட பிறகு அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனது அன்றுதான்.

ஏசியில் எனக்குக் கை சில்லிட்டது. முதலாளி உள்ளறையில் இல்லை. முதுகுக்குத் தலையணை வைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மிக்ஸி பெட்டிகளில் ‘சிறப்பு விலை’ ஸ்டிக்கரைத் தன் கையாலேயே ஒட்டிக்கொண்டிருந்தார்.

“வா ரெண்டாம் நம்பர். வழி தெரிஞ்சுதா?” என்றார், நிமிராமலே.

“பத்தடி தூரம்தானே முதலாளி. கால் வலின்னு இத்தனை நாள் வரல.”

கவுண்டரில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். அத்தை சுற்றி வளைக்காமல் சொன்னாள். பாதி சொல்லும்போதே அவருக்கு முழுவதும் புரிந்துவிட்டது தெரிந்தது. அவரும் டீலர்தானே.

“நாப்பது ஃபேனை இந்த மழையில வாங்கி என்ன பண்றது? குடை தைக்கவா?”

“அடுத்த வெயிலுக்கு வித்துருவீங்க.”

“அடுத்த வெயிலுக்குக் கம்பெனிக்காரன் புதுசா ஒரு டிசைன் போடுவான்.” ஒரு ஸ்டிக்கரை உரித்து, நேராக இருக்கிறதா என்று பார்த்து ஒட்டினார். “சரி, கடைசி விலை சொல்லு.”

முதலாம் நம்பர் கவுண்டரில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அத்தையின் காது சிவந்தது.

“ஃபேனுக்கு பில் விலையில முப்பது கொறச்சுக்கிறேன்.”

“நூறு.”

“முப்பது, முதலாளி.”

“கலர் என்ன?”

அத்தை தயங்கினாள். “வெள்ளை.”

“நான் குடுத்தது பிரவுன்.”

“கம்பெனியிலயே பிரவுன் இல்ல.”

“அப்போ அம்பது.”

அவர் நூறிலேயே நின்றிருந்தாலும், அந்த நாற்பதுக்கு விட்டுக்கொடுப்பதைவிட முந்நூறுக்கும் திரும்பி வருவது பல மடங்கு என்று என் தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சரி என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று அத்தையின் கையைப் பிடித்து அழுத்தலாம்போல் இருந்தது. அவள் இரண்டாம் நம்பர் கவுண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே இப்போது வேறொரு பெண், கடையின் நீலச் சீருடைச் சட்டையில். ஒரு விலை சொல்லி அதிலேயே நிற்கிறவள் என்று பெயர் எடுத்தவளுக்கு, பத்துப் பேர் பார்க்க இறங்குவது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

“சரி, அம்பது” என்றாள்.

முதலாளி தலையை ஆட்டினார். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அத்தை திரும்பி நடக்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

“கம்பெனிப் பையன் ஏற்கெனவே சொல்லிட்டான். நீ வரலன்னா நானே ஆள் அனுப்பியிருப்பேன்.”

அத்தை நின்றாள்.

“நீ சப்-டீலரா ஆயிட்டா உன் கடையிலயும் என் சரக்குதான் இருக்கும். அப்புறம் எங்கிட்ட இல்லாததுக்கு நான் எந்தக் குடோனுக்கு ஆள் அனுப்புறது? நீ விக்கிறதுல எனக்கு வர்ற சில்லறையை வச்சுக்கிட்டு, வந்த ஆளை ‘இல்ல’ன்னு திருப்பி அனுப்பச் சொல்றியா?”

“அப்போ அம்பது எதுக்கு?”

“நீயா வந்து கேட்டியே, அதுக்கு. கேக்கிறவங்களுக்கு ஒரு விலை, கேக்காதவங்களுக்கு ஒரு விலை. இந்தக் கடை இன்னும் அப்படித்தான்.”

கடை முழுக்கச் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. கதவைத் தள்ளி வெளியே வந்து, தெரு நடுவில், தூறலில் நின்றபோதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. ஒரு சைக்கிள்காரர் மணியடித்துச் சுற்றிக்கொண்டு போனார்.

“அம்பது எறங்கிட்டேன்டி. யார்கிட்டயும் சொல்லாத.”

நான் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே டீக்கடைக்காரர், “கடைசி விலைக்கும் ஒரு கடைசி விலை இருக்காமே” என்று கேட்டுக்கொண்டு டம்ளர் எடுக்க வந்தார். அத்தை அவரிடம் டீக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டாள்.

மாதத்தின் கடைசி நாள், மழையில் நனைந்துகொண்டு கம்பெனி லாரி வந்தது. பில் அத்தையின் பெயருக்கு. பெட்டிகள் எங்கள் வாசலில் இறங்கின, எங்கள் கடைக்குள் வரவில்லை. மாமாவும் எதிர்க்கடைப் பையன்களும் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். முன்வாசல் வழியாகவே. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். பெட்டியில் அச்சடித்தது மூவாயிரம், பில்லில் இரண்டாயிரம், எங்கள் கடையில் அதற்கும் கீழே, எதிர்க்கடைக்கு இன்னும் கீழே. கம்பெனி திருப்பித் தருவதையும் கழித்தால் வேறொன்று. இத்தனையில் அந்த ஃபேனின் விலை எது என்று பரீட்சையில் கேட்டால் இப்போது எனக்கு எழுதத் தெரியாது. அந்த மூவாயிரத்தை யார் எதற்காக அச்சடிக்கிறார்கள், யாராவது ஒருவர் கூச்சப்பட்டு அப்படியே கொடுத்துவிடுவார் என்றா? கம்பெனி ஆளிடம் கேட்டேன். அவர் தெரியாது என்று சொல்லிவிட்டு, போனில் முந்நூறு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வந்திருந்த பச்சைக் குறியைக் காட்டினார். அத்தை இன்னொரு முறை காட்டச் சொன்னாள். பிறகு மாமாவைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டச் சொன்னாள். அன்று கம்பெனி ஆள் பிஸ்கட் பாக்கெட்டைத் தீர்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் மத்தியானம்தான் அத்தை தூங்கியது.

அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மா கையில் மடக்கிய குடையோடு உள்ளே வந்தார். புது வீடு மாறுகிறார்களாம், ஹாலுக்கு ஒரு ஃபேன் வேண்டும், சுவரின் நிறத்துக்குப் பிரவுன்தான் பொருந்தும். நான் குரலைத் தாழ்த்தி விலை சொன்னேன். கடைசி விலை என்ன என்று அவரும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அதுதான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி எடுங்கள் என்றார்.

எங்களிடம் இருந்ததெல்லாம் போன வருஷம் மிஞ்சிய வெள்ளை.

“குடோன்ல இருக்கு, உக்காருங்க” என்றேன். மாமா ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அலமாரியில் சாய்ந்த தலையை அசைக்காமல், கண்ணையும் திறக்காமல் அத்தை சொன்னாள்: “அது நம்ம கணக்குல வராது.” சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.